நெஞ்சு இறுக்கமும் இருதய சீடி ஸ்கேனும்: ‘மிஸ், ஒரு கேள்வி...’

கொழும்பில் சீடி ஸ்கேன் அறையொன்றில் தாதியாக வேலை பார்க்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை ஆட்களும் வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் வந்து இறங்குபவர்களும் உண்டு. டொக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம், கையில் ஊசி ஏற்றும் நேரத்தில் “மிஸ், ஒரு கேள்வி” என்று எங்களிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் போய் உட்காருமுன் இவை தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

அஞ்சைனா என்றால் மாரடைப்பா?

இல்லை. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகள் வெறும் 2 முதல் 4 மில்லிமீற்றர் அகலம்தான். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை ஒடுங்கினால், சும்மா இருக்கும்போது போதுமான இரத்தம் போகும், படியேறும்போது போதாது. அந்த நேரத்தில் தசை ‘போதாது’ என்று போடும் சத்தம்தான், அந்த நெஞ்சு இறுக்கம்தான், அஞ்சைனா. நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். மாரடைப்பில் நாடி திடீரென்று அடைபட்டு, தசை சாகத் தொடங்குகிறது. ஓய்வெடுத்தாலும் அது அடங்காது.

காஸ்ட்ரிக்கா, இருதயமா என்று எப்படிப் பிரித்தறிவது?

வைத்தியர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். நெஞ்சின் முன்பக்கம், கழுத்து, தாடை, தோள், கை ஆகிய இடங்களில் இறுக்குகிறதா? நடந்தால், படியேறினால், கோபப்பட்டால் வருகிறதா? நின்றாலோ, நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை வைத்தாலோ ஐந்து நிமிடமளவில் போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது அச்சொட்டான அஞ்சைனா. இரண்டுக்கு ஆம் என்றால் இருக்கலாம். ஒன்று அல்லது ஒன்றுமில்லை என்றால் வேறு காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சீனி வருத்தக்காரர், வயதானவர்கள், பெண்கள் சிலருக்கு இறுக்கமே இருக்காது. மூச்சு வாங்கும், காரணமில்லாமல் களைக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. “நெஞ்சு நோகுதா?” என்று கேட்டால் பல ஐயாமார் “இல்லை” என்பார்கள். அவர்களுக்கு அது நோவு இல்லை. பாரம் வைத்ததுபோல, யாரோ பிடித்து அமுக்குவதுபோல ஒன்று. கூட வந்த பேரன் அதைச் சிங்களத்தில் “பப்புவ ரிதென்னே நெஹெ”, அதாவது நெஞ்சு நோகவில்லை என்று மொழிபெயர்த்துவிடுவான். டொக்டரும் நெஞ்சுவலி இல்லை என்று எழுதிவிடுவார். இறுக்குகிறது என்பதற்குச் சிங்களத்தில் ‘ஹிர வெனவா’ என்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தெரிந்துவைத்திருங்கள். அப்புறம், எப்போது வருகிறது என்பதை அளவோடு சொல்லுங்கள். “வெள்ளவத்தை மார்க்கட்டிலிருந்து பையோடு வரும்போது, இரண்டாவது மாடியில்” என்பது, “சில நேரம் ஒரு மாதிரி இருக்கும்” என்பதைவிட நூறு மடங்கு பயனுள்ளது. ஒருவர் ஆடிவேல் தேருக்குப் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஒவ்வொரு வருடமும் நடப்பவர். கடைசி முறை காலிமுகத்திடலிலேயே நின்றுவிட்டேன் என்றார். அந்த ஒரு வசனத்திலேயே வைத்தியருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

எப்போது ஸ்கேனைப் பற்றி யோசிக்கவே கூடாது?

சும்மா இருக்கும்போதே இறுக்கி, 15 நிமிடம் தாண்டியும் விடாவிட்டாலோ, வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ 1990-ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். த்ரீவீல் பிடித்து நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள், சோடா குடித்துப் பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் நடந்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகும் நெஞ்சு இறுக்கத்துக்கு மட்டும்.

ஈசிஜியும் எக்கோவும் நல்லம் என்றார்கள். பிறகு எதற்கு சீடி?

ஈசிஜி என்பது இருதயத்தின் மின்னோட்டத்தை எடுத்த அந்த நேரத்துப் பதிவு. இறுக்கம் இல்லாத நேரத்தில் எடுத்தால், நாடியில் பெரிய ஒடுக்கம் இருந்தாலும் அது சுத்தமாக வரலாம். எக்கோ என்ற ஒலியலைப் படத்தில் தசை எப்படி அடிக்கிறது, வால்வு எப்படி மூடுகிறது என்று தெரியும். நாடிகளின் உட்பக்கம் தெரியாது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக, குழாய்க்குள் துரு இல்லை என்று சொல்ல முடியாதல்லவா?

ட்ரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் ஈசிஜி இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று காட்டும். ஆனால் அடைப்பைக் கண்டுபிடிப்பதில் அது அடிக்கடி ஏமாற்றும், பெண்களில் இன்னும் கூடுதலாக. முழங்கால் நோவோடு வரும் அம்மாமாருக்கு அந்த மெஷினில் ஏறி நிற்பதே பாடு.

இங்கிலாந்தின் நைஸ் என்ற வழிகாட்டி அமைப்பு 2016-இல், அஞ்சைனா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு சுற்றில் 64 துண்டுப் படமோ அதற்கு மேலோ பிடிக்கும் சீடியில், நாடிகள் தெரிவதற்காக நரம்பு வழியாக அயடின் மருந்து ஏற்றி எடுக்கும் முடியுரு நாடிப் படத்தையே முதல் பரிசோதனையாகச் சொன்னது. ஐரோப்பிய இருதயவியல் சங்கமும் 2019-இல் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது.

கம்பி விட்டுப் பார்க்கும் அஞ்சியோகிராம்தானே நிச்சயமானது?

நிச்சயமானதுதான். அடைப்பு இருந்தால் அதே மேசையில் ஸ்டென்ட், அதாவது நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய், வைக்கவும் முடியும். ஆனால் மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக இருதயம் வரை குழாய் போக வேண்டும். 2022-இல் வெளிவந்த டிஸ்சார்ஜ் ஆய்வில், ஐரோப்பாவின் 26 இடங்களில் 3,561 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதலில் சீடியும் மற்றவர்களுக்கு நேரே அஞ்சியோகிராமும் செய்தார்கள். பிறகு வந்த மாரடைப்பு, மரணம், பக்கவாதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பரிசோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் வந்த பெரிய சிக்கல்கள் மட்டும் சீடி பக்கம் 0.5 வீதம், அஞ்சியோகிராம் பக்கம் 1.9 வீதம். இருதயம்தானா என்று இன்னும் தெரியாத நிலையில் முதலில் சீடி பார்ப்பது நியாயம். அச்சொட்டான அறிகுறியோடு கொஞ்சம் நடந்தாலே இறுக்குபவரை வைத்தியர் நேரே அஞ்சியோகிராமுக்கு அனுப்பினால் அதுவும் நியாயம்தான்; ஏன் சீடி எடுக்கவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

இந்த ஸ்கேன் எடுத்தால் உயிர் பிழைக்குமா? படம்தானே எடுக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. படம் எடுத்து யாருக்கும் நாடி திறந்ததில்லை. ஆனாலும் ஸ்கொட்லாந்தில் 12 ஆஸ்பத்திரிகளில் 4,146 பேரை வைத்துச் செய்த ஸ்கொட்-ஹார்ட் ஆய்வைப் பாருங்கள். பாதிப் பேருக்கு வழமையான பரிசோதனைகள், மீதிப் பேருக்கு அவற்றோடு சீடியும். ஐந்து வருடம் கழித்து 2018-இல் வெளியான கணக்கில், இருதய மரணமோ மாரடைப்போ வந்தவர்கள் சீடி எடுத்தவர்களில் 2.3 வீதம், எடுக்காதவர்களில் 3.9 வீதம். பத்து வருடக் கணக்கு 2025-இல் வந்தது: 6.6 வீதமும் 8.2 வீதமும்.

ஐந்து வருடத்தில் ஸ்டென்ட், பைபாஸ் செய்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் குளிசையில் இருந்தது. சீடியில் கொழுப்புப் படிவைக் கண்ணால் கண்டதும், வைத்தியர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் அஸ்பிரினும் எழுதிக்கொடுத்தார், ஆட்களும் போட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,003 பேரை வைத்துச் செய்த ப்ரொமிஸ் ஆய்வில், ஏறக்குறைய இரண்டு வருடத்தில் சீடிக்கும் மற்றப் பரிசோதனைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அபிப்பிராயம் இதுதான்: ஸ்கேன் எடுத்து ரிப்போட்டை அலுமாரியில் வைத்தால், கொடுத்த காசு வீண்.

யாருக்குச் சரிவராது?

நாடிகளில் சுண்ணாம்பு நிறையப் படிந்தவர்களுக்குப் படத்தில் வெள்ளை வெளிச்சம் பரவி, உள்ளே பாதை எவ்வளவு என்று தெரியாமல் போகும்; மிக வயதானவர்களுக்கும், டயலிசிஸ் செய்பவர்களுக்கும் இது அதிகம். 3 மில்லிமீற்றரைவிடச் சிறிய ஸ்டென்டின் உட்பக்கமும் சரியாகத் தெரியாது. நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், மூச்சைப் பத்து விநாடி பிடிக்க முடியாதவர்கள், சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்தவர்கள் ஆகியோருக்கு வைத்தியர் வேறு வழி யோசிப்பார். கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொய்வு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர்களும் சொல்ல வேண்டும். துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் குளிசை அவர்களுக்கு மூச்சை இறுக்கலாம்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

12 மணித்தியாலத்துக்கு முன்பே தேத்தண்ணி, கோப்பி, கோலா எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். “வெறும் பிளேன்டீதானே மிஸ், பால் போடவில்லை” என்று ஒருவர் நாடித்துடிப்பு 88-ஓடு வந்து நின்றார். பாலில் ஒன்றுமில்லை, தேயிலைதான் பிரச்சினை. அவருக்குத் துடிப்பு இறங்க இரண்டரை மணித்தியாலம் பிடித்தது.

ஸ்கேனுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்தினால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருபவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. பிறஷர் குளிசையை வழமைபோலப் போடுங்கள். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் போடுபவர்கள், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போட்டைக் கொண்டுவாருங்கள்; சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, பழுதாக இருந்தால் ஸ்கேனுக்குப் பின் 48 மணித்தியாலம் நிறுத்தி, இரத்தம் சோதித்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். முதல் நாளே கேளுங்கள்.

இன்னொன்று. வயாக்ரா போன்ற குளிசை போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாடிகளை விரிக்க நாக்குக்குக் கீழே நாங்கள் அடிக்கும் நைட்ரேட் ஸ்ப்ரே அதோடு சேர்ந்தால் பிறஷர் அப்படியே விழுந்துவிடும். சில்டெனாஃபில், அதாவது வயாக்ரா, என்றால் குறைந்தது ஒரு நாள், அதே வகையான டாடலாஃபில் என்றால் இரண்டு நாள் இடைவெளி வேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்டால் எல்லா ஐயாமாரும் “சீச்சீ” என்பார்கள். அதனால் நான் எடையும் உயரமும் எடுக்கும் சாக்கில் தனியே கூப்பிட்டுத்தான் கேட்பேன். பதில் மாறிய சந்தர்ப்பங்கள் உண்டு.

எனக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. அயடின் மருந்து ஏற்றலாமா?

ஏற்றலாம். இறால், நண்டு ஒவ்வாமை அவற்றின் புரதத்தால் வருவது. அயடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதற்கு முன் சீடிக்கு ஏற்றிய மருந்தாலேயே உடம்பு தடித்திருந்தால், முகம் வீங்கியிருந்தால் அது முக்கியமான செய்தி.

உள்ளே என்ன நடக்கும்? நோகுமா?

முழங்கை மடிப்பில் பச்சை நிறக் கனூலா, அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் ஒன்று போடுவோம். பார்க்கக் கொஞ்சம் பெரிதுதான். மருந்து விநாடிக்கு ஐந்து மில்லிலீற்றர் அளவில் பாய வேண்டும் என்பதால் சின்னது தாங்காது. நோவு அதோடு சரி. நெஞ்சில் ஈசிஜி வயர்கள் ஒட்டுவோம். மெஷின் எம்ஆர்ஐ மாதிரிக் குகை இல்லை, ஒரு பெரிய வடை போன்ற வளையம்தான். முகம் வெளியே தெரியும், சத்தமும் பெரிதாக இல்லை.

நேரம் எடுப்பது துடிப்பை இறக்கத்தான். இருதயம் ஓயாமல் அசையும் உறுப்பு. காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் இலக்கத்தைப் படம் பிடிப்பதுபோல. பஸ் ஹோல்ட்டில் நிற்கும் கணத்தில்தான் எழுத்துத் தெளிவாக வரும். இரண்டு துடிப்புக்கு நடுவில் இருதயம் ஆறும் நேரம்தான் எங்களுடைய ஹோல்ட். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் அந்த இடைவெளி தாராளம், 90 என்றால் கிட்டத்தட்ட இல்லை. அதனால் மெட்டோப்ரோலோல் குளிசை கொடுத்து உட்காரவைப்போம். சிலருக்கு நரம்பு வழியாகவும் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போனில் சண்டை பிடிக்காமல் இருந்தால் பெரிய உதவி.

படுத்தபின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே. மருந்து பாயும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போகவில்லை, பயப்படாதீர்கள். பிறகு மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் மூச்சைப் பிடிக்கச் சொல்லும். எங்கள் இடத்தில் அந்தக் குரல் ஆங்கிலத்தில் பதிந்தது. ஒரு அம்மா குரல் வந்ததும் “என்ன பிள்ளை?” என்று எழும்பப் பார்த்தார், படம் முழுக்கக் குழம்பி, மறுபடி மருந்து ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து தமிழ் ஆட்கள் வந்தால், முதலிலேயே பக்கத்தில் நின்று “மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, அசையாதேங்கோ” என்று நான்கு தரம் பழக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். வீட்டிலும் பழகலாம். பலமாக இழுக்கத் தேவையில்லை, சாதாரணமாக இழுத்துப் பத்து வரை எண்ணினால் போதும்.

கதிர் உடம்புக்குக் கூடாதே?

கொஞ்சம் படுகிறது, உண்மை. இன்றைய மெஷின்களில் பொதுவாக 2 முதல் 5 மில்லிசீவெர்ட் வரை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் படுவதே உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட். பழைய மெஷின்களில் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. காரணத்தோடு ஒருமுறை எடுப்பதற்கு யோசிக்க வேண்டாம். நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் வருடாவருடம் எடுப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

ரிப்போட்டில் ஸ்கோர் என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?

இரண்டு எண்கள் வரலாம். ஒன்று கல்சியம் ஸ்கோர். மருந்து ஏற்றாமல் முதலில் எடுக்கும் படத்தில் சுண்ணாம்புப் படிவை அளப்பது. 0 என்றால் சுண்ணாம்பு இல்லை. 100-க்குக் கீழே இலேசு. 400-க்கு மேல் மிக அதிகம். 0 வந்தாலும், இளவயதுக்காரர், சிகரெட் பிடிப்பவர் என்றால் சுண்ணாம்பாகாத மென்மையான படிவு இருக்கலாம். மற்றது காட்-ராட்ஸ், ஒடுக்கத்துக்கு 0 முதல் 5 வரை தரம். 0 சுத்தம், 1 என்றால் 25 வீதத்துக்குக் கீழே, 2 என்றால் 50-க்குக் கீழே, 3 என்றால் 50 முதல் 69 வரை, 4 கடுமை, 5 முழு அடைப்பு. இடது பிரதான நாடியில் மட்டும் 50 வீதமே கடுமைதான்.

‘30 வீதம்தான், ஸ்டென்ட் தேவையில்லை’ என்றார்கள். அப்போ தப்பிவிட்டேன்தானே?

ஸ்டென்டிலிருந்து தப்பிவிட்டீர்கள். ஆனால் பல மாரடைப்புகள் 80 வீத ஒடுக்கத்தில் மெல்ல மெல்ல அடைபட்டு வருவதில்லை. 30, 40 வீதப் படிவின் மேற்தோல் ஒருநாள் கிழிய, அதன்மேல் இரத்தம் உறைந்து நிமிடக் கணக்கில் நாடி அடைபடுகிறது. ஸ்டாட்டின் செய்யும் வேலை அந்தத் தோலை உறுதியாக்கிப் படிவை அடக்கி வைப்பது.

எங்கள் ஆட்கள் செய்யும் பிழை எனக்கு மனப்பாடம். மூன்று மாதம் குளிசை போட்டு, கொலஸ்ட்ரோல் சோதித்து, “நோர்மலுக்கு வந்துவிட்டது” என்று நிறுத்திவிடுவார்கள். குளிசை போட்டதால்தானே நோர்மல்! குடை பிடித்ததால் நனையவில்லை, ஆகவே குடையை மடிக்கலாம் என்பது போல. கால் உளைகிறது என்றால் வைத்தியரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது வேறு வகை தருவார். தெற்காசியர்களுக்கு இது இன்னும் முக்கியம். இலங்கையும் சேர்ந்திருந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், நம் பக்கத்தவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 59.

60 வீதம் என்றால்? உடனே ஸ்டென்டா?

அவசியமில்லை. படம் காட்டுவது ஒடுக்கத்தை. அந்த ஒடுக்கத்தால் இரத்தம் குறைகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு இருதயத்தை வேகமாக வேலை செய்யவைத்துப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள், அல்லது அஞ்சியோகிராமில் நாடிக்குள் அழுத்தத்தை அளப்பார்கள். 5,179 பேர் பங்குபற்றிய இஸ்கீமியா ஆய்வு 2020-இல் காட்டியதும் அதுதான்: இடது பிரதான நாடி நன்றாக இருந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் அஞ்சைனாவில், நல்ல மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் உடனே ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசமில்லை. இறுக்கம் அடிக்கடி வருபவர்களுக்கு ஸ்டென்ட் நிவாரணம் கொடுத்தது.

எல்லா நாடியும் சுத்தம். ஆனாலும் இறுக்குகிறது. நடிக்கிறேன் என்கிறார்கள் வீட்டில்.

நடிக்கவில்லை. சீடியில் பெரிய நாடிகள்தான் தெரியும். தசைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் தெரியாது. அவை சரியாக விரியாவிட்டாலும் அஞ்சைனா வரும், பெண்களில் கூடுதலாக. உணவுக்குழாய், நெஞ்செலும்பு, மனப்பதற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. சுத்தமான ரிப்போட்டோடு மறுபடி வைத்தியரிடம் போங்கள்.

ஒரு நோவும் இல்லை. செக்கப்புக்காக எடுக்கலாமா?

மருந்து ஏற்றும் ஸ்கேன் அதற்கானது அல்ல. பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் முதலில் பாருங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் வரிசையில் காத்திருக்க நேரலாம். கிளினிக் கொப்பி கையில் இருக்க வேண்டும். தனியாரில் விலை கேட்கும்போது, ஸ்கேனுக்கு மட்டுமா, ஏற்றும் மருந்து, கிரியேட்டினின் பரிசோதனை, ரிப்போட் எழுதுபவரின் கட்டணம் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். என் சொந்த மாமாவே ஓரிடத்தில் ஒரு விலை கேட்டுப் போய், பில்லைப் பார்த்ததும்தான் நெஞ்சைப் பிடித்தார். எங்கே எடுத்தாலும் ரிப்போட்டோடு படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வைத்தியர் எழுத்தைவிடப் படத்தைத்தான் தேடுவார்.

ஸ்கேன் முடிந்தது மிஸ். இப்ப பிளேன்டீ குடிக்கலாமோ?

அரை மணித்தியாலம் கனூலாவோடு இருங்கள். அரிப்பு, தடிப்பு, தலைச்சுற்று ஒன்றும் இல்லையென்றால் கழற்றிவிடுவேன். துடிப்புக் குறைக்கும் குளிசை போட்டிருப்பதால் சட்டென்று எழும்ப வேண்டாம், இன்று வண்டியும் ஓட்ட வேண்டாம். இரண்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். அதுக்குப் பிறகு பிளேன்டீ குடிக்கலாம். கன்டீன் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.